நிற்காமல் போன பஸ்

போன வாரம் எங்கள் மில்லில் அவசர காலப் பயிற்சி வைத்தார்கள். டை கட்டிய தம்பி ஒருவர் திரையில் படம் போட்டு, ஆபத்து வந்தால் செய்ய வேண்டியவை என்று பன்னிரண்டு விஷயங்களைச் சொன்னார். முதல் விஷயம், பதறக்கூடாது. சொன்ன கையோடு தீயணைக்கும் சிவப்பு உருளையைத் தூக்கி அழுத்திக் காட்டினார். காற்று எங்கள் பக்கமாக அடித்தது. வெள்ளைப் பொடி மூக்கிலேறி முப்பது பேரும் தும்மித் தள்ளிவிட்டோம். சொன்னால் சிரிப்பீர்கள், அந்தத் தும்மலோடு எனக்கு மிளகாய் வத்தல் மூட்டை ஞாபகம் வந்துவிட்டது.

வத்தல் மூட்டை என்றால் எனக்கு பஸ்தான். செல்போன் வராத காலத்தில் நரிக்குடியிலிருந்து திருச்சுழி வழியாக அருப்புக்கோட்டை போகும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். கழுத்தில் விசில் தொங்கினால் கலெக்டர் என்று நினைப்பு. மாசி, பங்குனியில் பஸ் முழுக்க வத்தல் நெடி ஏறிவிடும். தும்மாமல் டிக்கெட் கிழித்த நாள் கிடையாது.

டிரைவர் சேது என் வயசுக்காரன், பக்கத்து ஊர். அவனுக்கு ஒரு பிடிவாதம். பின்னால் இருக்கும் நீள சீட்டில் ஆள் உட்காரலாம், மூட்டை மட்டும் ஏறக்கூடாது. அந்த சீட்டுக்கு அடியில் ஒரு பலகையும் துவைத்து மடித்த பழைய சேலையும் எப்போதும் கிடக்கும். நாலு மூட்டை வைக்கிற இடம் சும்மா கிடக்கிறதே என்று எனக்கு வயிறு எரியும். அதற்கு மாப்பிள்ளை சீட்டு என்று பெயர் வைத்துக் கேலி செய்வேன். ஒருநாள் சண்டை முற்றியபோது அவன் சொன்னான்.

"ஏலே, வத்தல் நாளைக்கிப் போகும். ஆளுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நாளைக்கி வரைக்கும் தாங்குமா?"

அந்த ரோட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. உயிருக்கு ஆபத்தான ஆளை ஏற்றி வரும் பஸ்ஸில் முன்படியிலிருந்து துண்டை வெளியே பறக்க விடுவார்கள். துண்டைப் பார்த்தால் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் கை காட்ட மாட்டார்கள். ஆட்டை மாட்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். இதை யார் ஏற்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது. நானும் காதால் கேட்டதோடு சரி.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நரிக்குடியில் ஒரு குடும்பம் தாம்பூலத் தட்டுகளோடு ஏறியது. மகனுக்கு நிச்சயம் செய்யப் போகிறார்கள். பையனின் அப்பா மூன்று தடவை என்னிடம் வந்துவிட்டார். பத்தரைக்கு ராகுகாலம் வந்துவிடும், அதற்குள் தட்டு மாற்ற வேண்டும் என்றார். ஏற்கெனவே ஒருமுறை தேதி தள்ளிப்போய்ப் பெண் வீட்டார் முகம் சுளித்திருந்தார்களாம். இதுவும் தவறினால் அவர்கள் வேறு இடம் பார்த்துவிடுவார்கள் என்று அவருக்கு ஒரே பயம். நான் இருக்கிறேன், கவலைப்படாதீர்கள் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லி வைத்தேன்.

பாதி வழியில், மிளகாய்த் தோட்டத்திலிருந்து ஐந்தாறு பெண்கள் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். பாக்கியம் என்று பெயர். மிளகாய்ப் பழம் பறிக்கும்போது பாம்பு கடித்துவிட்டது. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் என்று ஒருத்தி அழுதாள். சேது இறங்கி வந்து அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்தான். கால் அசையாதபடி பலகை வைத்துச் சேலையைச் சுற்றினான். தன் தோளில் கிடந்த துண்டை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

நான் முன்படியில் நின்று துண்டைப் பறக்க விட, ஒவ்வொரு ஸ்டாப்பாகத் தாண்டினோம். இறங்க வேண்டியவர்கள் இறங்க வேண்டும் என்று கேட்கவில்லை. கீரைக்கூடைக்கார அம்மா தன் ஊர் தாண்டிப் போவதை ஜன்னல் வழியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். கீரை வாடிவிடுமே என்று எனக்குத்தான் தோன்றியது.

அப்புறம் நிச்சயத்துக்காரர்கள் இறங்க வேண்டிய புளியமரத்து ஸ்டாப் வந்தது. மரத்தடியில் பெண் வீட்டார் புதுத்துணி உடுத்தி வரிசையாக நின்றார்கள். எனக்கு என்ன ஆனதோ, பழக்க தோஷம், வாயிலிருந்த விசில் தானாக ஊதிவிட்டது. பஸ் வேகம் குறைந்தது. பையனின் அப்பா எழுந்து நின்றார்.

"ஊதாதீக தம்பி. அங்க ஒரு உசுரு கெடக்கு."

பையனின் அம்மா பஸ் தகரத்தைத் தட்டி ரைட் சொன்னார். மரத்தடி பின்னால் போய்விட்டது. அந்த அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு யார் முகத்தையும் பார்க்க வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரம் போனால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அருப்புக்கோட்டையில் வேலை இருந்தவர்கள்கூடப் போகவில்லை. மொத்த பஸ்ஸும் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. உச்சிப்பொழுதுக்கு நர்சம்மா வெளியே வந்து, இனி பயமில்லை என்றார். கீரைக்கார அம்மா ஓவென்று அழுதாள். பாக்கியம் அவளுக்கு உறவுமில்லை, ஊருமில்லை.

திரும்பி வரும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. பெண் வீட்டார் அதே புளியமரத்தடியில் நின்றார்கள். பையனின் அப்பா குனிந்த தலையோடு இறங்கினார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் பெண்ணின் அப்பா முந்திக்கொண்டார்.

"துண்டைப் பாத்தோம். பொழைச்சுக்கிருச்சா?"

"பொழைச்சுக்கிருச்சு."

"பெறகென்ன, இதவிட நல்ல நேரம் வேணுமாக்கும். வாங்க, எல வீட்டு மாமரத்துக்கடியில போட்டிருக்கு."

படியில் நின்ற எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது. எப்பேர்ப்பட்ட மனுஷர்கள்! மறுநாள் பின்சீட்டில் யாரோ வைத்த மூட்டையை நானே தூக்கிக் கீழே வைத்தேன். சேது கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டான்.

அந்த பஸ்ஸை எப்போதோ விற்றுவிட்டார்கள். ரோட்டை அகலமாக்கியபோது புளியமரமும் போயிற்று. இப்போது போன் போட்டால் ஆம்புலன்ஸ் வந்துவிடுகிறது. நாங்கள் போனதைவிட வேகமாகப் போகிறது, உள்ளேயே மருந்தும் இருக்கிறது. நல்லதுதான், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

போன மாதம் அதே ரோட்டில் பஸ்ஸில் போனேன். சத்தம் போட்டுக்கொண்டு ஒரு ஆம்புலன்ஸ் எங்களைத் தாண்டிப் போனது. பஸ்ஸில் ஒருவரும் தலை நிமிரவில்லை. நானும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திருச்சுழி தாண்டிய பிறகுதான், பொழைச்சுக்கிருச்சா என்று கேட்கத் தோன்றியது. யாரிடம் கேட்பது?