அம்மியோடு வந்த பாதிரியார் குடும்பம்

கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கோக்கி கந்தப்பனைத் தெரியாத ஆள் கிடையாது. கோக்கி என்றால் பங்களாவில் துரைமாருக்குச் சமைக்கிறவர். சின்ன வயதில் தட்டுக் கழுவப் போனவர், சூப், கட்லட், ரோஸ்ட், புட்டிங் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு, தலை நரைக்கிறவரைக்கும் பங்களாக் குசினியிலேயே கிடந்தார். வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் போய் நின்று பேர் கொடுத்து, மலையில் இறங்கி வேலை செய்தது ஒருநாளும் இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கடைசி வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கப்பல் ஏறினதோடு அந்தத் தலைக்கனம் இறங்கிப்போனது. புதிதாக வந்த துரை தன் சமையல்காரனைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். தோட்டத்தில் பேர் இல்லாத ஆளுக்கு லயத்து வரிசை வீட்டில் ஒற்றை அறைக் காம்பராகூடக் கொடுக்க மாட்டார்கள். அந்த நேரம் பார்த்து மகள் லெட்சுமி தலைப்பிள்ளைக்கு வாயும் வயிறுமாக வந்து நின்றாள். மாப்பிள்ளைக்கு மொனராகலையில் கரும்பு வெட்டுகிற வேலை. தாயில்லாத பிள்ளை அப்பன் வீட்டில் பெற்றுக்கொள்ளலாம் என்று நம்பி வந்திருக்கிறது. அப்பனுக்கே வீடு இல்லை என்று அதனிடம் எந்த வாயால் சொல்வது?

அப்போதுதான் வேதக்கோயிலை ஒட்டிப் பூட்டிக் கிடந்த சின்னப் பங்களாவுக்கு இந்தியாவிலிருந்து ஒரு பாதிரியார் குடும்பம் வரப்போகிறது, சமையலுக்கு ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தது. குசினிக்குப் பின்னால் சமையல்காரனுக்கு ஒரு காம்பராவும் உண்டு. கந்தப்பன் ஓடினார். வேலை கிடைத்தது. அன்றைக்கே லெட்சுமியின் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் காம்பராவில் வைத்தார்.

இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில் பேர் வந்த சனமெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த வருசம் அது. பாதிரியார் குடும்பம் லொறியில் வந்து இறங்கியபோது, மேட்டு லயத்து இராக்கம்மா வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "ஊரே அந்தப் பக்கம் போகுது, இவுங்க இந்தப் பக்கம் வாறாங்களே! கப்பலு மாறி ஏறிட்டாங்களோ?" என்றாள்.

"வாய மூடு புள்ள, அவுங்க காதுல விழுந்துறப்போகுது" என்றார் கந்தப்பன்.

பாதிரியார் பேர் ஞானாபரணம், திருநெல்வேலிப் பக்கம். ஒல்லியான மனுசன், சத்தமில்லாத பேச்சு. அவர் மனைவி அன்னபாக்கியம். கூடவே ரூபி என்று ஒரு சின்ன மகள். லொறியில் இருந்து புத்தகப்பெட்டி இறங்கியது, ஆர்மோனியம் இறங்கியது, அப்புறம் சாக்கில் சுற்றிய ஒரு பாரம் இறங்கியது. தூக்கின ஆளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் ஒரு அம்மிக்கல், குழவியோடு!

கந்தப்பன் யோசித்தார். அம்மியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருவானேன்? பாதிரிமார் வைத்தியமும் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். மருந்து அரைக்கிற கல்லாக இருக்கும் என்று முடிவு கட்டி, மரியாதையாகக் கொண்டுபோய்ப் பாதிரியாரின் மேசைக்குப் பக்கத்தில், புத்தகங்களோடு வைத்தார். அவர்களும் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் கந்தப்பன் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு போய் நின்றார். "தொரை, சாப்பாட்டுக்கு என்னா செய்யட்டுங்க?"

"என்னைத் தொரைன்னு கூப்பிடாதீங்க. ஐயான்னா போதும்" என்றார் பாதிரியார். "உங்களுக்கு எது தெரியுமோ அதைச் செய்யுங்க. நாங்க சாப்பிடுதோம்."

கந்தப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவருக்குத் தெரிந்தது என்ன, கொஞ்சமா? அன்றைக்கு மத்தியானம் மேசைக்கு வந்தது சூப். அதற்குப் பின்னால் வெள்ளைச் சோஸ் ஊற்றிய காய்கறி. அதற்குப் பின்னால் கஸ்டர்ட் புட்டிங். ராத்திரிக்கு ரோஸ்ட் கோழி. கண்ணாடிக் கிளாசில் துண்டை மடித்துப் பூப்போல வைத்தார்.

தட்டுகள் பாதி பாதியாகத் திரும்பி வந்தன.

காரம் கூடிப்போச்சோ என்று மிளகுத்தூளையும் நிறுத்தினார். அடுத்த நாள் முக்கால்வாசி திரும்பி வந்தது. சரி, பாதிரியார் குடும்பம் துரைமாரைவிட நாகரிகம் போலிருக்கிறது என்று, கடைசித் துரையின் பிறந்தநாளுக்கு மட்டும் செய்கிற மீன் சமையலைச் செய்தார். வெலிமடையிலிருந்து வந்த உருளைக்கிழங்கை அவித்து, பிசைந்து, மீனைச் சுற்றி வேலி கட்டினார். அன்னபாக்கியம் அதைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். பின்பக்கம் அவள் ஓங்கரிக்கிற சத்தம் குசினி வரைக்கும் கேட்டது.

"என்னா மாமா, ஒங்க சமையலுக்குத் தொரசாணி வாந்தி எடுக்குறாங்களாம்ல?" என்று இராக்கம்மா கேட்டாள். தண்ணி பிடிக்கிற பீலியடியில் அத்தனை பொம்பளைகள் முன்னால் கேட்டாள்.

அன்னபாக்கியம் நாளுக்கு நாள் வற்றிப்போனாள். மேசையைத் துடைக்கப் போனவர் காதில் அன்றைக்குப் பக்கத்து அறைப் பேச்சு விழுந்தது.

"இந்த ஊரு உனக்கு ஒத்துக்கிடல. அடுத்த கப்பலுக்கே ஊருக்குப் போயிருவோம்" என்றார் பாதிரியார்.

"நம்ம வந்த காரியம்?"

"வேற யாரையும் அனுப்பச் சொல்லுதேன். நாளைக்குக் கந்தப்பன்கிட்டயும் சொல்லிரணும். பாவம், மனுசன் ரொம்பச் சிரமப்படுதாரு."

இவர்கள் போனால் பங்களாவை மறுபடி பூட்டிவிடுவார்கள். காம்பராவும் போகும். லெட்சுமிக்கோ இன்றைக்கோ நாளைக்கோ என்கிற மாதிரி வயிறு இறங்கிவிட்டது. அவளை எந்த மரத்தடியில் கொண்டுபோய்ப் படுக்கவைப்பது?

காம்பராவுக்குப் போனால் லெட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "அப்பா, கோவிக்கமாட்டீங்கன்னா ஒண்ணு கேக்கவா? நெத்தலிக் கருவாட்டுக் கொழம்பு திங்கணும்போல இருக்கு."

வேறு நாளாக இருந்தால் அதட்டியிருப்பார். பங்களா எல்லைக்குள் கருவாட்டு வாசம் வரக்கூடாது என்பது துரைமார் காலத்துச் சட்டம். ஒருதடவை அவருடைய சட்டையில் வாசம் அடித்ததற்கே துரை மூக்கைப் பிடித்துக்கொண்டு விரட்டியிருக்கிறார். ஆனால் நாளைக்கு வேலை போகப்போகிறது. இனி என்ன சட்டம்?

காம்பரா அடுப்பைப் பற்றவைத்தார். புளி கரைத்தார். பிஞ்சுக் கத்தரிக்காயைப் பிளந்து போட்டார். நெத்தலியைச் சுடுதண்ணியில் அலசிக் குழம்பில் விட்டார். கொதி வந்ததும், சன்னலைச் சாத்த மறந்தது ஞாபகம் வந்தது. கொஸ்லந்தைக் காற்றைப்பற்றிச் சொல்ல வேண்டுமா? வாசத்தை அள்ளிக்கொண்டு நேரே பங்களாவுக்குள் போய்விட்டது.

செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் அன்னபாக்கியம் நின்றாள். பின்னால் ரூபி தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு.

"அம்மா, மன்னிச்சிருங்க" என்று கந்தப்பன் சட்டியைத் துண்டால் மூடப்போனார். "இந்தப் புள்ள மாசமா இருக்கு, ஆசப்பட்டுருச்சு. இப்பவே தூரக் கொண்டுபோயி..."

"எதுக்கு மூடுதீங்க?" என்றாள் அவள். "நெத்திலியா அது? கத்தரிக்கா போட்டா?"

"ஆமாங்க."

"சோறு இருக்கா?"

கந்தப்பன் முழித்தார். லெட்சுமிதான் சட்டென்று நகர்ந்து, பாயில் இடம் விட்டாள். அன்னபாக்கியம் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். லெட்சுமி தன் தட்டிலிருந்த சோற்றைப் பாதி பிரித்து வைத்துக் குழம்பை ஊற்றினாள். பாதிரியார் மனைவி ஒரு வாய் வைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று வந்தது. துடைக்கக்கூட இல்லை, அடுத்த வாய் எடுத்தாள்.

"நீங்களும் மாசமாங்களா?" என்று லெட்சுமி மெதுவாகக் கேட்டாள்.

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். வாய் நிறையச் சோறு.

கந்தப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "அட சாமி! மசக்கைக்காரிக்கா நான் வெள்ளைச் சோஸு ஊத்தினேன்? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க!"

"அப்பாதான் சொல்லக்கூடாதுன்னாங்க" என்றது ரூபி. "ஊழியத்துக்குப் போற எடத்துல முன்னால வைக்கிறதச் சாப்பிடணுமாம். வேதத்துல இருக்காம். எனக்கு அந்த ஆடுற புட்டிங்கு புடிக்கவே இல்ல."

மனைவியைத் தேடிக்கொண்டு பாதிரியாரும் வந்து சேர்ந்தார். அவர் சட்டியைப் பார்த்தார், மனைவியின் தட்டைப் பார்த்தார், கந்தப்பனைப் பார்த்தார்.

"கந்தப்பன், இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"நான் தினமும் திங்கிறது இதானுங்களே ஐயா! தெரிஞ்சதச் செய்யின்னீங்க. பாதிரியாருக்குப் போயி கருவாடு வைக்கலாமா?"

"வச்சுருந்தா நாங்க மூட்டை கட்டியிருக்கவே மாட்டோமே!" என்றார் பாதிரியார். சத்தமில்லாத அந்த மனுசன் சிரித்த சிரிப்பு மேட்டு லயம் வரைக்கும் கேட்டிருக்கும். அவரும் பாயில் உட்கார்ந்தார். சட்டியில் வழிக்கக்கூட மிச்சமில்லை. லெட்சுமிக்கு மறுபடி உலை வைத்தார் கந்தப்பன். அரிசி களையும்போதுதான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கினது தெரிந்தது. ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், அடுப்புச் சாம்பல் பறந்தது.

கப்பல் பேச்சு அதற்கப்புறம் எழவே இல்லை. மேசைக்குப் பக்கத்தில் புத்தகங்களோடு இருந்த அம்மி, குசினிக்கு வந்தது. அதை அங்கே வைத்ததற்குக் கந்தப்பன் சொன்ன காரணத்தைக் கேட்டு அன்னபாக்கியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இனிமே நான் அரைக்கேன், நீங்க குழம்பு கூட்டுங்க. புட்டிங் கிறிஸ்மசுக்கு மட்டும் போதும், என்ன?"

"சரிங்க தொரசாணி."

"அக்கான்னு கூப்பிட்டாலும் கூப்பிடுங்க, அந்தப் பேரு மட்டும் வேண்டாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் மணி அடிக்கிற நேரம் லெட்சுமிக்கு வலி எடுத்தது. தோட்டத்து மருத்துவச்சி வந்தாள். இராக்கம்மாவும் வாயை மூடிக்கொண்டு வந்து சுடுதண்ணி வைத்தாள். பொழுது சாய்வதற்குள் அந்தக் காம்பராவிலேயே, நல்ல கூரைக்குக் கீழே, ஒரு பெண் பிள்ளை பிறந்தது. துணியில் சுற்றித் தாத்தன் கையில் கொடுத்தார்கள். ஒரு றாத்தல் பாண் ரொட்டியின் கனம்கூட இல்லாத மாதிரி இருந்தது அவருக்கு. அது கண்ணைத் திறக்காமலே அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டது. ரோஸ்ட் வெட்டி, புட்டிங் கிண்டிக் காய்த்துப்போன அந்த விரலை எடுக்க மனசே வரவில்லை.

குசினியில் கடகடவென்று சத்தம் கேட்டது. என்னவென்று எட்டிப் பார்த்தார். அன்னபாக்கியம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மிளகும் சுக்கும் பூண்டும் வைத்து லெட்சுமிக்குப் பிள்ளைபெற்ற மருந்து அரைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா அக்கா?" என்றார் கந்தப்பன் பேத்தியை ஏந்திக்கொண்டு. "மருந்து அரைக்கிற கல்லுன்னு அன்னிக்கே நான் சொன்னேன்ல?"