தறி அறைக்கு ஒரு கூலர்

எந்தப் பொருளை வாங்கினாலும் அதைப் பற்றி இணையத்தில் இருப்பதையெல்லாம் படித்து முடித்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவேன். மிக்சி வாங்கும்போதும் அப்படித்தான். நான் படித்து முடிப்பதற்குள் என் மனைவி ஒரு மாதம் அம்மியில் சட்னி அரைத்தாள். "நீங்க படிச்சி முடிக்கறதுக்குள்ள அந்தக் கம்பெனியே மூடிகினு போயிடும்" என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். ஆனால் கம்ப்யூட்டருக்கு ஒரு கூலர் தேடியபோது நான் படித்த எதிலும் எனக்கு வேண்டிய பதில் இல்லை. எழுதியவர்களில் ஒருவர்கூட தறி இருக்கிற அறையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவராகத் தெரியவில்லை.

ஆரணியில் எங்கள் வீட்டு முன்னறை நீளமானது. ஒரு கோடியில் அவளுடைய தறி. அவள் கல்யாணமாகி வந்தபோது தரையில் குழி வெட்டிப் போட்டது. மறு கோடியில் ஜன்னலோரமாக என் மேசை. அவள் பட்டுப்புடவை நெய்கிறாள். நான் கல்யாண வீடியோக்களை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுக்கிறேன். அவள் முன்னால் பாவு, அதாவது நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பட்டு இழைகள், நீண்டு என் மேசை வரைக்கும் வரும். அதனால் நாள் முழுக்க அவள் பார்வையில் என் முதுகு, என் பார்வையில் சுவரும் திரையும்.

கல்யாணமான புதிதில் எங்கள் இரண்டு பேருக்குமே பேசத் தெரியவில்லை. அவள் சுபாவத்திலேயே கூச்சக்காரி. நானோ முன்பின் தெரியாதவர்களின் சிரிப்பையும் அழுகையையும் திரையில் பார்த்தே பழகியவன், எதிரில் ஒருத்தி உட்கார்ந்தால் என்ன கேட்பது என்று தெரியாது. எங்களைப் பேச வைத்தது தறிதான். ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் திடீரென்று நிற்கும். நான் திரும்பி, "இழ அறுந்துட்சா?" என்பேன். அவள் "ம்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து ஏதோ செய்வாள். தறி வேலை எனக்குத் தெரியாது. அத்தனை இழைகளில் எது அறுந்தது, எது முடிச்சு என்று பார்த்தாலும் புரியாது. ஆனால் அவள் குனிந்திருக்கும் அந்த நேரத்தில் ஏதாவது ஒரு பேச்சு வரும். சாம்பாரில் உப்பு, அவள் தங்கைக்கு வந்த வரன், நான் வெட்டிக்கொண்டிருக்கும் வீடியோவில் தாலி கட்டும்போது தும்மிய மாப்பிள்ளை. பிறகு தறி ஓட ஆரம்பிக்கும், நான் திரும்பிக்கொள்வேன். எங்கள் குடும்ப வாழ்க்கை இந்த இடைவெளிகளில்தான் வளர்ந்தது. இந்தத் தெருவில் தறிச் சத்தம் கேட்டால்தான் வேலை நடக்கிறது என்பார்கள். எனக்கு அது நின்றால்தான் சேதி.

தறி ஓடும்போது அந்த அறையில் ஃபேன் போடுவதில்லை. எங்கள் பக்கத்தில் பட்டு நெய்கிற வீடுகளில் இதைக் குழந்தைக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றுப் பட்டால் பாவு ஆடும், இழை காய்ந்து அறும். வெயில் காலத்தில் ஜன்னலையும் சாத்திவிட்டுத் தரையில் தண்ணீர் தெளித்துக்கொள்வோம். வேர்வையில் நனைந்துகொண்டே அவள் நெய்வாள், நான் வெட்டுவேன். உத்தரத்தில் தொங்கும் ஃபேனுக்குத் தறி நின்ற பிறகுதான் வேலை.

போன சித்திரையில் எனக்குப் புது ஆசை வந்தது. கேமராக்காரர்கள் இப்போதெல்லாம் கொடுக்கிற வீடியோ ஒவ்வொன்றும் யானைக்குட்டி. வெட்டி முடித்ததை முழுப்படமாக வெளியே எடுக்க என் கம்ப்யூட்டர் அரைநாள் முனகியது. வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக நின்றன. சொன்ன தேதிக்குக் கொடுக்காவிட்டால் வாடிக்கைக்காரர்கள் வேலூருக்குப் போய்விடுவார்கள். என் கம்ப்யூட்டரின் மூளை, வேகத்தைப் பூட்டி வைக்காத பிராசசர். கம்பெனிக்காரன் வைத்த வேகத்துக்கு மேல் நாமே ஏற்றிக்கொள்ளலாம். ஓவர்கிளாக் என்பார்கள். ஏற்றினால் சூடாகும். அந்தச் சூட்டை இழுத்து வெளியே தள்ளத்தான் பிராசசரின் தலைமேல் கூலர் உட்கார்ந்திருக்கிறது.

பிராசசரோடு இலவசமாக வந்த சின்னக் கூலரை வைத்துக்கொண்டே கொஞ்சம் ஏற்றிப் பார்த்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அந்தச் சின்ன ஃபேன் மாவு மில் போலக் கத்தியது. கம்ப்யூட்டரின் கேபினட் பெட்டியிலிருந்து அனல் அடித்தது. சத்தம் தாங்காமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். வேலை என்னவோ ஜல்தியாக முடிந்தது.

சில நாள் கழித்து, சோறு போடும்போது அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"இந்தக் கம்ப்யூட்டர மேல் ரூமுக்கு எடுத்துகினு போயிடுங்களேன். அங்க ஃபேனாச்சும் போட்டுக்கலாம்."

"ஏம்மா, இழ அறுவுதா?"

"நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ரசச் சட்டியை எடுக்கப் போய்விட்டாள்.

சாப்பிட்டதும் பாவின் என் பக்கத்து முனையை மெல்லத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. என் கம்ப்யூட்டரின் அனல் நேராக அதன்மேல்தான் வீசியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். அவள் சொன்னதில் தப்பில்லை. மாடி அறையில் காற்று உண்டு, எந்தக் கூலரை மாட்டினாலும் கேட்க ஆளில்லை. ஆனால் அங்கே போனால் நாளெல்லாம் நான் மேலே, அவள் கீழே. தறி நின்றாலும் எனக்குத் தெரியாது. பிடித்த ஊரிலிருந்து மாற்றல் உத்தரவு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். வேகத்தைப் பழையபடி இறக்கினேன். வேலைகள் தேங்கின. பாவைக் கெடுக்காத ஒரு கூலரை வைகாசிக்குள் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மாடிக்குப் போக வேண்டும் என்ற நிலைமை வந்துவிட்டது.

அப்போதுதான் மறுபடியும் படிக்க ஆரம்பித்தேன். காற்றால் குளிர வைப்பது ஒரு வகை: உயரமான அலுமினியத் தகடுகளின் அடுக்கு, அதன் ஓரத்தில் ஃபேன். தண்ணீரால் குளிர வைப்பது இன்னொரு வகை: குழாய், பம்ப், கேபினட்டின் கூரையில் ரேடியேட்டர். எத்தனை டிகிரி குறையும் என்று ஆளாளுக்கு அடித்துக்கொண்டார்கள். அந்த டிகிரியெல்லாம் எங்கே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கூலர் சூட்டை அழிப்பதில்லை; பிராசசரிலிருந்து எடுத்து அறைக்குள் கொட்டுகிறது, அவ்வளவுதான். என் அறையில் கொட்டினால் அது பாவின்மேல்தான் விழும்.

அவளிடம் தண்ணீர் கூலரைப் பற்றிச் சொன்னேன். முகம் மலர்ந்தது.

"தண்ணியா? அப்ப நல்லதுதானே. ரூம்ல ஈரம் இருந்தா இழைக்கு நல்லது. தர தெளிக்கிற வேலயும் மிச்சம்."

அட, ஆமாம் என்று எனக்கும் தோன்றிவிட்டது. வாரக்கணக்கில் படித்தவன் அந்த ஒரு நிமிடம் எல்லாவற்றையும் மறந்து, அறையெல்லாம் ஈரக்காற்று பரவுவதாகக் கனவு கண்டேன். பட்டு நெய்கிற வீட்டில் வாழ்ந்துவிட்டால் தண்ணீர் என்றதும் புத்தி அப்படித்தான் ஓடும்.

இரண்டு பேருமாக வேலூருக்குப் பஸ் ஏறினோம். அவளுக்கு இந்த மாதிரிக் கடையில் என்ன வேலை என்று நினைத்தேன், ஆனால் வருகிறேன் என்றதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்ணமங்கலம் தாண்டும்போது தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

கடைக்காரர் தண்ணீர் கூலரைப் பிரித்து மேசைமேல் வைத்தார். "இந்தத் தண்ணி வெளிய வராதும்மா. உள்ளயே சுத்திகினு இருக்கும். வெளிய வந்தா மதர்போர்டு காலி."

"வெளியவே வராத தண்ணிக்கு இம்மாம் வெலையா?" என்றாள் அவள். கடைக்காரரே சிரித்துவிட்டார்.

நான் டிகிரிகளைக் கேட்டேன், ஃபேன் எந்தத் திசையில் தள்ளும் என்று கேட்டேன். ரேடியேட்டர் காற்றை மேலே தள்ளும், அதாவது அறைக்குள். தகடு அடுக்கின கூலரின் ஃபேன் நேராகக் கேபினட்டின் பின்பக்கம் தள்ளும். என் கேபினட்டின் பின்பக்கத்தை ஜன்னலுக்குத் திருப்பி வைத்துவிட்டால்? மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கடைக்காரரிடம் கேட்டாள்.

"இதுல எது சத்தம் போடாதுங்க?"

"பெரிய ஃபேன் மெதுவா சுத்தும்மா, சத்தமே கேக்காது. தண்ணியில பம்ப் லேசா ங்ஙுன்னுகினு இருக்கும்."

"அப்ப அந்தத் தகடு வெச்சதே குடுங்க" என்றாள். நான் திசையைப் பார்த்து வந்து சேர்ந்த இடத்துக்கு அவள் சத்தத்தைப் பற்றிக் கேட்டு முன்னாடியே வந்துவிட்டாள். அவள் ஏன் சத்தத்தைப் பற்றிக் கேட்டாள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. கேபினட்டின் கதவு மூடுமா என்று அளந்துகொண்டு போயிருந்தேன். அந்தக் கூலரின் உயரத்துக்குக் கதவு மூடும் என்றார் கடைக்காரர். வாங்கிவிட்டோம்.

மறுநாள் மாட்டினேன். பிராசசரின்மேல் பசை தடவி, கூலரை உட்காரவைத்து, திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி முடுக்கினேன். கூலர் நல்ல கனம்; அவள்தான் ஒரு கையால் விளக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அதைத் தாங்கிக்கொண்டாள். கேபினட்டின் பின்பக்கத்தை ஜன்னலை ஒட்டி வைத்தோம். ஜன்னலின் ஒரு கதவை மட்டும் திறந்து, அந்த இடத்தைப் புடவைப் பெட்டி அட்டையால் அடைத்து, நடுவில் ஓட்டை போட்டேன். தறியை மூடிவைக்கும் பழைய வேட்டி ஒன்று கிழிந்து கிடந்தது. அதை அவள் சட்டைக்கை மாதிரிக் குழாயாகத் தைத்துக் கொடுத்தாள். ஒரு முனை கேபினட்டின் பின்னால் இருக்கும் ஃபேனுக்கு, மறுமுனை அட்டையின் ஓட்டைக்கு. கம்ப்யூட்டரைப் போட்டதும், காற்று வருகிறதா என்று பார்க்க, பூஜை மாடத்திலிருந்து ஊதுபத்தி எடுத்துவந்து பாவின் முனையில் பிடித்தாள். புகை ஆடாமல் நேராக மேலே போனது. தெருவில் போன பக்கத்து வீட்டம்மாள், "இன்னாடி, ஜன்னலுக்கு ஜாக்கெட் தெச்சிருக்கற" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரை முழுமூச்சாக ஓடவிட்டு, சூடு எல்லைக்குள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த படி. நின்றது. ஃபேன் சுற்றுகிறதா என்று கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அன்றைக்கு ஹெட்போனை எடுக்கவே இல்லை. ஒரு கல்யாணத்தை வெளியே எடுக்கப் போட்டுவிட்டு, தறிச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

தறி நின்றது.

எல்லாம் வீண், மாடிக்குத்தான் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

"அறுந்துட்சா?"

அவள் குனியவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் அறுவல."

"பின்ன ஏன் நிறுத்தின?"

"திரும்புறீங்களான்னு பாத்தேன்" என்றாள். அப்புறம் கொஞ்சம் கோபமாகவே சொன்னாள். "அந்தப் பழைய ஃபேன் கத்திகினு இருந்தப்போ நானும் நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். காதுல அத மாட்டிகினு நீங்க திரும்பவே இல்ல. முதுகையே எவ்ளோ நேரம் பாத்துகினு இருக்கறது? அதுக்கு பதிலா மேல் ரூமுக்கே போயிடட்டும்னு சொல்லிட்டேன்."

"நான் சூட்டுல இழ அறுவுதுன்னு நெனச்சேன்."

"சித்திரையில பாவு காயத்தான் செய்யும். அதுக்குத்தானே தண்ணி தெளிக்கறேன். நான் போடற பாவு அவ்ளோ சீக்கிரம் அறுவாதுங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இத்தனை டிகிரிகளைப் படித்தும் எனக்கு இது தெரியவில்லை. சட்டென்று இன்னொன்று தோன்றியது. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அப்ப, கல்யாணமான புதுசுல? ஒரு நாளைக்கு எத்தினியோ தபா அறுந்துகினே இருந்துச்சே?"

அவள் குறுக்கு இழை ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்தாள். முகத்தைப் பாவின் பக்கம் குனிந்துகொண்டாள்.

"அப்ப மட்டும் அறுந்துச்சா இன்னா?"

தறி மறுபடியும் ஓட ஆரம்பித்தது. கல்யாணப்படம் அதுபாட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பவில்லை.