கூச்சத்தில் ஏறிய நாடி

போன தை மாசம் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. எனக்குக் கர்ப்பப்பை இறக்கம். எட்டு வருஷம் யாரிடமும் சொல்லாமல், துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேச்சேரிப் பக்கம் ஆடு மேய்த்தேன். மகள் கண்டுபிடித்துக் கூட்டிப்போனாள். "ஆபரேஷன் பண்ணிடலாம். முதல்ல இருதயம் தாங்குமான்னு நடக்க வெச்சுப் பாக்கணும்" என்றார் டாக்டரம்மா.

அந்த அறையில் பெல்ட் ஓடுகிற மிஷின் இருந்தது. அதன்மேல் நடக்க வேண்டுமாம். ரவிக்கையைக் கழற்றி அங்கி போடச் சொன்னார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்ட ஒரு தம்பி வந்தார். ஆம்பளை முன்னாடியா என்று அங்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். விரலில் மாட்டிய கிளிப், நாடி நூற்றிருபது என்று காட்டியது. "உக்காந்திருக்கறப்பவே இப்படின்னா கஷ்டமுங்க" என்றார் அவர். ஆபரேஷன் போனால் போகட்டும் என்று, "மூட்டு வலிக்குது, ஊட்டுக்குப் போறேன்" என்று பொய் சொல்லி எழுந்துவிட்டேன்.

வாசலில், அங்கே அதே வேலை பார்க்கும் ஒரு பெண் மறித்தாள். "ஏனுங்கம்மா, மூட்டு வலியோடவா இத்தனை வேகம்?"

என் கண் அந்தத் தம்பி பக்கம் போனது. அவளே புரிந்துகொண்டாள். அந்தத் தம்பியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள், திரையையும் இழுத்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்காமல் பேசிக்கொண்டே ஒயர்களை ஒட்டினாள்.

"என்ன வேலைங்கம்மா பாக்கறீங்க?"

"ஆடுதான் சாமி. பத்தொம்பது இருக்குது."

கிடா எத்தனை, குட்டி எத்தனை என்று கேட்டு முடிப்பதற்குள் நாடி எண்பதுக்கு வந்துவிட்டது.

பெல்ட் ஓடியதும் தடுமாறினேன். "ஆடு சோளக்காட்டுல பூந்துருச்சுன்னு நெனைச்சு நடங்க" என்றாள். அப்புறம் கால் தானாகப் போனது. "இது நொண்டியாடு போற வேகம், இன்னுங் கொஞ்சம் வை கண்ணு" என்றுகூடச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

நின்றதும் அவள் மிஷினையே பார்த்தாள். "நடந்தா துடிப்பு ஏறத்தானுங்க செய்யும். நின்னதும் எவ்வளவு சீக்கிரம் எறங்குதுன்னு பாக்கணும். உங்களுக்கு ஒரே நிமிஷத்துல மளமளன்னு எறங்குது. நல்ல தெம்புங்கம்மா." டாக்டரம்மாவும் அந்தக் காகிதத்தைப் பார்த்து ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்.

ஆபரேஷன் முடிந்து, இப்போது துணி கட்டாமல் ஆட்டுக்குப் பின்னால் நடக்கிறேன். எங்கள் ஊரில் இன்னொருத்தியும் என்னைப்போல மறைத்துக்கொண்டு நடப்பது அவள் நடையிலேயே எனக்குத் தெரிந்தது. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், ஆட்டைப் பார்த்துக்கொண்டே என் கதையைச் சொன்னேன். வாய் திறக்காத நான் அன்றைக்குப் பேசினேன் என்றால், ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் கொடுத்த தைரியம்தான்.