உலர்ந்த விரிப்பு

லாங் மவுண்டன் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். முதியோர் விடுதியின் கேட் என் முதுகுக்குப் பின்னால் மூடிவிட்டது. காதில் குயினைன் (மலேரியாவுக்குத் தரும் கசப்பு மருந்து) இரைச்சல். ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கிழவன் அல்ல. தோட்டம் தோட்டமாக அலைந்து கரும்பு வெட்டியவன். காய்ச்சலில் விழுந்தபோது மருத்துவமனையில் கட்டில் இல்லை. முதியோர் விடுதி ஆண்கள் கூடத்தில் கிடத்தினார்கள். மண்ணீரல் (இடது விலாவின் கீழ் உள்ள உறுப்பு) வீங்கி, வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு படுத்தது போலிருந்தது.

பக்கத்துக் கட்டில் வீராசாமி மாமா. காலையில் தெளிவாகப் பேசுவார். பொழுது சாய்ந்தால் உளறுவார், என்னைத் தன் இறந்த தம்பி என்பார். "வயசாயிடுச்சு, புத்தி கலங்கிடுச்சு. பைத்தியக்கார விடுதிக்கு மாத்திடலாம்" என்றார் டாக்டர்.

எனக்கு வேறொன்று தெரிந்தது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அங்கே யாருக்கும் தண்ணீர் கிடையாது. கூடம் முழுவதற்கும் ஊழியர் பிலிப் ஒருவர்தான். படுக்கை நனைந்தால் துவைப்பவரும் அவரே, ஏச்சு வாங்குபவரும் அவரே.

"திலோ (தண்ணீர்) குடுத்தா விரிப்பு நனையும், மோ ஃப்ரேர் (என் சகோதரா). எனக்கு ரெண்டு கைதான்" என்பார் பிலிப். கெட்டவர் அல்ல. களைத்தவர்.

காய்ச்சலில் நாக்கு மரக்கட்டையாக வறண்டு கிடந்தவன் நான். மத்தியானமே மிச்சம் பிடித்து வைத்த என் குவளைத் தண்ணீரில் பாதியை மாமாவுக்குக் கொடுத்தேன். அன்று மாலை அவர் உளறவில்லை. சிரித்தார்.

"ஆலையில சக்கைக்குக்கூட தண்ணி தெளிச்சுத்தான் பிழிவாங்க. நம்மள காயவச்சே பிழியறாங்க."

பிறகு தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். முதியவர்களுக்கு என்ன தேவை என்று விசாரிக்க வந்தவர். காலைத் தேநீர் குடித்து வாய் நனைந்திருந்த நேரம். ஒவ்வொருவரும் "எல்லாம் சரிங்க, முசியே (ஐயா)" என்றார்கள். இன்னொரு ஊழியர் இடம் இருக்கிறது, ஆள்தான் வருவதில்லை என்றார் மேலாளர்.

"சாயங்காலம் வந்து கேளுங்க, முசியே. அப்ப இவங்களால பேசவே முடியாது" என்றேன்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். பிறகு அந்தக் காலி ஊழியர் இடத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டார். அவர் போனதும் மேலாளர் சொன்னார்: "உனக்கு உடம்பு தேறிடுச்சு. கிளம்பு."

அதனால்தான் நடந்தேன். வழியில் இருந்த குழாயில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தேன். குடிக்கக் குடிக்க மாமாவின் வெடித்த உதடுதான் நினைவில் நின்றது.

இரவு அக்கா வீட்டில் தங்கினேன். திரும்பிப் போய் அந்த ஊழியர் வேலையைக் கேட்கப் போகிறேன் என்றதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அயோ! கண்டவன் மூத்திரச் சட்டி தூக்கவா? காவடி எடுத்த தோளுடா அது!"

"அந்தத் தோளுதான் அக்கா. இதையும் தூக்கும்."

விடிந்ததும் கேட்டைத் தட்டினேன். மேலாளர் முகம் சுளித்தார்.

"மறுபடி நீயா?"

"நோயாளி நேத்துப் போயிட்டான். நீங்க தேடுற ஆள் வந்திருக்கேன்."

அதிகாரியின் கண் அந்தக் காலி இடத்தின் மேல் இருந்தது. மேலாளரால் மறுக்க முடியவில்லை.

கூடத்துக்குள் போனேன். அன்று மத்தியானத்துக்குப் பிறகும் வீராசாமி மாமாவுக்குக் குவளை நிறையத் தண்ணீர் கொடுத்தேன். பொழுது சாய்ந்தும் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், தம்பி பெயரை அல்ல. அந்த நேரத்தில் டாக்டர் வந்தபோது தன் பெயர், தோட்டத்தின் பெயர் எல்லாம் சொல்லி, விடுதிச் சோற்றையும் திட்டினார். பைத்தியக்கார விடுதிக்கு மாற்றும் பேச்சு அத்தோடு நின்றது.

முதியவரைப் பார்த்துக்கொள்பவர்களே, மாலையில் அவர் புத்தி தடுமாறினால் வயதைக் குறை சொல்லுமுன் குவளையைப் பாருங்கள். தோட்டத்து மணியோசை கேட்டு நான் இப்போது நாளைப் பிரிப்பதில்லை. யார் குடித்தார், யார் இன்னும் குடிக்கவில்லை என்பதே என் பொழுது.

வேலைக்குச் சேர்ந்த அன்று காலையே பிலிப் ஒரு விரிப்பை என் கையில் போட்டார். நனைந்து கனத்தது.

"நேத்து சாயங்காலம் உன் மாமாவுக்கு நான் திலோ குடுத்தேன். இப்ப நீ துவை."

மண்ணீரல் இழுத்துப் பிடித்தது. குனிந்து துவைத்தேன்.