எட்டடிச் சரிவு

தமயந்தி மேடம் இறந்த செய்தி எனக்கு ஒரு வேலையாக வந்து சேர்ந்தது. முதலாளி போனில் சொன்னார்: "அந்த நெரவி ஊரு பேங்க் அம்மா தவறிட்டாங்களாம். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் ஒண்ணு அடிச்சிடுங்க. கீழ நம்ம கடை பேரு பெருசா இருக்கட்டும்."

இந்த நினைவு மலரில், வங்கியில் அவருடன் பணியாற்றிய நீங்கள் அவருடைய சிரிப்பையும் பொறுமையையும் எழுதுவீர்கள். நான் காரைக்காலில் ஒரு ஜவுளிக்கடையின் மேலாளர். அவர் விழுந்த சரிவுப் பாதையைக் கட்டியவன். என்னால் அதை மட்டுமே எழுத முடியும்.

எங்கள் கடைக்கு ஐந்து படிகள். சக்கர நாற்காலியில் அவர் முதன்முறை வந்தபோது புடவைகளைத் தெருவுக்கே எடுத்துவந்து காட்டினோம். மறுமுறை இரண்டு பேர் தூக்கினார்கள். ஒருவன், "மூட்டை கனமா இருக்குடா" என்றான். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அவர் புடவை வாங்கவில்லை. "எனக்கு ஒதவி வேணாங்க. வழி வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி புகார் கொடுத்தார். சரிவுப் பாதை அமைக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

படிகளின் மொத்த உயரம் இரண்டரை அடி. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று அவரே ஒரு தாளில் வரைந்து தந்திருந்தார். முப்பது அடி விட்டால் பைக் நிறுத்த இடமிருக்காது என்றார் முதலாளி. எட்டடியில் முடித்தேன். பார்வையிட வந்த அதிகாரி நடந்து ஏறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் மேடம் தனியாக வந்தார். "நான் குடுத்த அளவு இது இல்லியே" என்றார்.

"ஆபீசரே சரின்னுட்டாருங்க. ஏறிப் பாருங்க" என்றேன்.

பாதி ஏறியதும் நாற்காலி பின்பக்கமாகக் கவிழ்ந்தது. கழுத்துக்குக் கீழே உணர்வில்லாமல் ஏழு மாதம் கிடந்தார்.

முதல் மாதத்திலேயே பழங்களோடு பார்க்கப் போனேன். "அளவு எப்படிங்க மாறுச்சு?" என்று கேட்டார்.

"கொத்தனார் பண்ணுன தப்பு மேடம்."

"இதுல வண்டி நிக்காது சார்" என்று என்னை இரண்டு முறை எச்சரித்தவர் அந்தக் கொத்தனார்.

"பாவம். நான் இப்புடிக் கெடக்குறது அவருக்குத் தெரிய வேணாம். தாங்க மாட்டாரு" என்றார் மேடம்.

தலையாட்டிவிட்டு வந்தேன். உண்மையைச் சொல்ல அதற்குப் பிறகும் ஆறு மாதம் இருந்தது. நான் போகவில்லை. தவறே செய்யாத ஒருவரை மன்னித்துவிட்டு அவர் போய்விட்டார். அந்த மன்னிப்பு என்னிடம்தான் இருக்கிறது. கொத்தனாருக்கு அது தேவையில்லை. எனக்கு அது தரப்படவில்லை.