நகர்த்திக்கொண்டே இருக்கும் சித்தி

மாடியில் சோபா நகர்கிறது. சோபா என்றால் நீளமாக ஒரு முனகல், நடுவில் மூச்சு வாங்க ஒரு நிறுத்தம், பிறகு இன்னொரு முனகல். டீப்பாய் என்றால் சின்னதாக ஒரு கிறீச். கட்டில் என்றால் கீழே எங்கள் வீட்டு மின்விசிறியே லேசாக ஆடும். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அம்மா சொல்கிறாள்: "ஆரம்பிச்சுட்டா உன் சித்தி. இன்னைக்கு சோபாவுக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துடுச்சு."

சித்தி அம்மாவுக்கு நேர் இளையவள். திரைச்சீலைக் கடையில் வேலை. வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போய் ஜன்னல்களை அளப்பாள், கடைக்குத் திரும்பித் துணி வெட்டுவாள், தைப்பாள். அளவு நாடா கழுத்திலேயே தொங்கும். வீட்டுக்கு வந்த பிறகும் அது இருப்பது அவளுக்குத் தெரியாது. குளிக்கப் போகும்போதுதான் ஞாபகம் வரும். யார் வீட்டுக்குப் போனாலும் ஆட்களைப் பார்ப்பதற்கு முன்னால் ஜன்னலைப் பார்ப்பாள். "திரைக் கம்பியை இன்னும் அரை அடி மேல ஏத்தியிருந்தா ரூம் எவ்வளவு உசரமா தெரியும்!" என்பாள். அது கல்யாண வீடா, துக்க வீடா என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை.

அவளால் உட்கார முடியாது. உட்கார்ந்தால் எதிரில் இருப்பது கண்ணை உறுத்தும். எழுந்துபோய் அதை ஒரு சாண் தள்ளி வைப்பாள். வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பாள், தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு. பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவருவாள். போனில் பேசிக்கொண்டே காலால் கூடையை நகர்த்துவாள். "நான் சும்மாதான் இருக்கேன், சொல்லு" என்று சொல்லும்போதும் கூடை நகர்ந்துகொண்டுதான் இருக்கும்.

சித்தி வீட்டில் இரண்டு நாய்கள். ஒன்று பெரியவர். வயதான, பழுப்பு நிற, கம்பளி போன்ற மயிர் அடர்ந்த பெரிய நாய். அவர் நடந்து வந்தால் ஒரு மாமனார் வருவதுபோல் இருக்கும். அதனால் சித்தி அவரிடம், "எந்திரிங்க, சாப்பிட வாங்க" என்றுதான் பேசுவாள். இன்னொன்று குண்டூசி. சின்னது, ஒல்லி, எல்லார் காலிலும் குத்திக்கொண்டே இருக்கும். அவளுக்கு "வாடி, போடி"தான். சித்தப்பாவுக்கும் கிடைக்காத மரியாதை பெரியவருக்குக் கிடைக்கிறது. அதனால் இங்கே நான் சித்தியை 'அவள்' என்றும் நாயை 'அவர்' என்றும் எழுதுவதில் யாருக்கும் வருத்தம் இருக்காது. சித்திக்கு நிச்சயமாக இருக்காது.

இந்த வருடம் வெயில் வந்த விதமே வேறு. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் மத்தியானம் கை வைக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்தால், அடுப்பில் இருந்து இப்போதுதான் இறக்கிய பாத்திரத்தில் சாய்ந்ததுபோல் இருந்தது. சித்தி வீட்டில் ஏ.சி. உண்டு, ஆனால் தெருவில் எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டால் மின்சாரம் இறங்கிவிடும், அது உறுமிவிட்டு நின்றுவிடும். மின்விசிறியோ இறக்கைகளை எண்ணிவிடலாம் என்கிற வேகத்தில் சுற்றும். கீழே எங்கள் வீடு கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அப்பாவுக்கு நாய் முடி பட்டாலே மூச்சிரைக்கும். பெரியவரைக் கீழே கொண்டுவர வழியில்லை.

கோடையின் தொடக்கத்திலேயே ஒரு மத்தியானம் பெரியவர் மயங்கி விழுந்துவிட்டார். நாக்கு ஒரு பக்கம் தொங்க, வயிறு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. ஈரத் துணியைச் சுற்றி ஆட்டோவில் கொண்டு ஓடினார்கள். நாய் டாக்டரம்மா காப்பாற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி விழுந்தா எந்திரிப்பாருன்னு என்னால சொல்ல முடியாதும்மா."

அதற்குப் பிறகு சித்தியின் கைக்கு ஓய்வே இல்லை. முதலில் கம்பளத்தைச் சுருட்டிப் பரண் மேல் போட்டாள். சோபாவின் வெல்வெட் உறைகளைக் கழற்றி, கடையில் மிஞ்சிய வெள்ளைப் பருத்தித் துண்டுகளை ஒட்டுப்போட்டுப் புதிய உறை தைத்தாள். முகம் பார்க்கும் கண்ணாடி வெளிச்சத்தை அறைக்குள் அடிக்கிறது என்று அதற்கும் ஒரு திரை மாட்டினாள். "இனிமே தலை சீவணும்னா திரையை விலக்கிட்டுத்தான் சீவணும், நாடகம் மாதிரி" என்றார் சித்தப்பா. ஜன்னல் கம்பியில் ஈரச் சாக்கு தொங்கியது.

இதெல்லாம் சரி. ஆனால் வீட்டில் எந்த மூலை குளிர்ச்சியாக இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. தரையில் உள்ளங்கையை வைத்துவைத்துப் பார்ப்பாள், காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பதுபோல. காலையில் ஒரு மூலை. மத்தியானம் அது சுட்டால் வேறு மூலை. அங்கே பெரியவர் படுக்க இடம் வேண்டும். அலமாரி நகரும், சோபா திரும்பும், டீப்பாய் வழிவிடும். பெரியவரின் மெத்தையும் தண்ணீர்க் கிண்ணமும் பின்னாலேயே போகும்.

சித்தப்பா அச்சகத்தில் வேலை செய்கிறார். சாயங்காலம் வந்தால் வாசலிலேயே நின்று, "நான் காலையில கிளம்பின வீட்டுக்குத்தான் வந்திருக்கேனா?" என்று கேட்பார். ஒருநாள் வழக்கமான நாற்காலி இருக்கும் என்று நம்பி, பார்க்காமல் உட்கார்ந்தார். நாற்காலி காலையிலேயே சமையலறைப் பக்கம் போயிருந்தது. தரையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "பரவாயில்ல. தரையாவது அதே இடத்துல இருக்கு."

"உங்களுக்கென்ன, நீங்க விழுந்தா எந்திரிச்சுக்கலாம்" என்றாள் சித்தி.

பெரியவர் மட்டும் ஒத்துழைக்கவில்லை. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கும் இடைவழியில்தான் தரை ஜில்லென்று இருக்கும். கழுத்துப் பட்டையைப் பிடித்து அங்கே கூட்டிப்போய்ப் படுக்கவைப்பாள். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து, தட்டுத் தடுமாறி, பால்கனிக் கதவுக்கே போய்விடுவார். அது கண்ணாடிக் கதவு. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக உள்ளே விழும் இடம். வருடக்கணக்காக அவர் படுத்த இடமும் அதுதான். வழியில் சோபா வந்தால் சித்தி, "பாத்து பெரியவரே, பாத்து!" என்பாள். அவர் நின்று, முகர்ந்து, சுற்றிக்கொண்டு போவார்.

"என்ன பிடிவாதம் பாருங்களேன். வயசானா இப்படியா?"

"உங்க வீட்டுப் பக்கம் எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார் சித்தப்பா.

"எங்க வீட்டுப் பக்கமா? அவரு என்ன எங்க அக்கா கூடவா பொறந்தாரு?"

கீழேயிருந்து அம்மா, "எனக்குக் கேக்குது!" என்று கத்தினாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் சித்தி குளித்துக்கொண்டிருந்தபோது, பெரியவர் இரும்பு அலமாரியின் முனையில் மோதிக்கொண்டார். முந்தின நாள்தான் அது அந்த இடத்துக்கு வந்திருந்தது. புருவத்தில் ரத்தம். டாக்டரம்மாவிடம் கொண்டு ஓடியபோது நானும் போனேன், ஆட்டோவில் குண்டூசியை மடியில் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காக. அவளைத் தனியாக விட்டால் வீட்டைத் தின்றுவிடுவாள்.

டாக்டரம்மா காயத்தைத் துடைத்துவிட்டு, பெரியவரின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பஞ்சைச் சின்ன உருண்டையாக உருட்டி அவர் கண்களுக்கு முன்னால் விழவிட்டார். பஞ்சு சத்தமில்லாமல் விழுந்தது. பெரியவர் நேராகப் பார்த்தபடி இருந்தார். இன்னொரு உருண்டை, மறுபக்கத்திலிருந்து. அதற்கும் அசையவில்லை. குண்டூசி மட்டும் என் மடியிலிருந்து பாய்ந்து இரண்டையும் வாயில் போட்டுக்கொள்ளப் பார்த்தாள்.

"இவருக்குக் கண்ணு தெரியாம எவ்வளவு நாளா இருக்கு?"

சித்திக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "யாருக்கு, இவருக்கா? நல்லா தெரியுமே டாக்டர். வழியில ஏதாவது இருந்தா 'பாத்து'ன்னு சொல்லுவேன், அப்படியே நின்னுடுவாரு. நீங்க வேணும்னா சொல்லிப் பாருங்க."

டாக்டரம்மா பெரியவரின் காது மடலைத் தடவிக்கொடுத்தார். "'பாத்து'ன்னா நிக்கிறாருன்னா காது நல்லா கேக்குதுன்னு அர்த்தம்மா."

சித்தி பெரியவரின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். சித்தப்பா சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தண்ணி எங்க வைக்கிறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அது... அவரு படுக்கிற இடத்துல. குளிர்ச்சியா இருக்கிற இடமா பார்த்து..." சித்தியின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "தினமும் மாத்துவேன்."

"அவரு நடக்கிறது ஞாபகத்துலம்மா. மோப்பம் பிடிச்சுத் தண்ணியைத் தேடிடுவாரு. ஆனா போற வழியில மோதி மோதி பயந்துட்டா தேடறதையே விட்டுடுவாரு. இந்த வெயிலுக்குத் தண்ணி குடிக்காம இருந்தா மறுபடியும் விழுந்துடுவாரு. எல்லாத்தையும் பழைய இடத்துல வச்சிட்டு, அப்படியே விட்டுடுங்க."

ஆட்டோவில் சித்தி பெரியவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அளவு நாடாவைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கூடத்தின் நடுவில் நின்று கேட்டாள்: "பழைய இடம்னா எது?"

அதுதான் யாருக்கும் தெரியவில்லை. சோபா ஜன்னலோரம் இருந்தது என்றாள் சித்தி. "இல்ல, அது போன வருஷம். அலமாரி வந்தப்புறம் இந்தச் சுவர்ல இருந்துச்சு" என்றார் சித்தப்பா. சத்தம் கேட்டு மேலே ஏறிவந்த அம்மா, "எங்க வீட்டு ஃபேன் ஆடினதை வச்சுப் பார்த்தா, ரொம்ப நாள் கனமான சாமான் ஏதோ நடுவுல இருந்துச்சுடி" என்றாள். மூன்று பேரும் மூன்று இடத்தைக் காட்டினார்கள். அத்தனை தடவை மாற்றியிருக்கிறாள். வீடு முதலில் எப்படி இருந்தது என்பது வீட்டுக்காரிக்கே மறந்துவிட்டது.

சித்தி நகத்தைக் கடித்தாள். பிறகு, "எல்லாத்தையும் வெளிய எடுங்க" என்றாள்.

"மறுபடியுமா?" என்றார் சித்தப்பா. ஆனால் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

சோபா, அலமாரி, டீப்பாய், நாற்காலிகள் எல்லாம் படுக்கையறைக்குள் போய் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. கூடம் வெறும் சிமென்ட் தரையாகிவிட்டது. பேசினால் எதிரொலித்தது. எல்லாரும் சுவரோரம் ஒதுங்கி நின்றோம். சித்தி பெரியவரை இடைவழியிலிருந்து கொண்டுவந்து, கழுத்துப் பட்டையை விட்டுவிட்டு, "போங்க" என்றாள். 'பாத்து' என்று சொல்ல வந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

பெரியவர் நடந்தார். நாலு எட்டு நேராகப் போனார். பிறகு ஒன்றுமே இல்லாத தரையில், எதையோ இடிக்காமல் போவதுபோல் இடது பக்கம் வளைந்தார். வளைந்து, நேராகி, மறுபடி உடம்பைக் குறுக்கிக்கொண்டு, இரண்டு சாமான்களுக்கு நடுவில் நுழைவதுபோல் மெதுவாக நுழைந்தார். அங்கே காற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"சோபா" என்றாள் சித்தி, மூச்சு போலச் சன்னமான குரலில். "அது சோபாவோட கை. இது டீப்பாய்."

கடைக்குக் கொண்டுபோகும் பையிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்தாள். குந்தி உட்கார்ந்து, அவர் பின்னாலேயே தரையில் கோடு போட்டுக்கொண்டு போனாள். அவர் வளைந்த இடத்தில் வளைத்து, ஒடுங்கிய இடத்தில் ஒடுக்கி. குண்டூசி கோட்டை நக்கப் பார்த்தாள். "தள்ளுடி" என்று முழங்கையால் தள்ளினாளே தவிர, கை கோட்டிலிருந்து எழவில்லை.

கோடு பால்கனிக் கதவில் போய் முடிந்தது. பெரியவர் அங்கே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பெருமூச்சோடு படுத்துக்கொண்டார். வெயில் ஊடுருவாமல் இருக்க லைனிங் வைத்துத் தைப்பதற்காக அந்தக் கதவின் திரையைச் சித்தி முந்தின நாள்தான் கழற்றியிருந்தாள். மத்தியானம் தாண்டிவிட்டிருந்தது; கண்ணாடி வழியாக வெயில் மொத்தமாக அவர் மேல் விழுந்தது.

"உள்ள கூட்டிட்டுப் போயிடலாமா?" என்று சித்தப்பா கேட்டார்.

"வேணாம். இப்பதான் அவரா வந்து படுத்திருக்காரு. போய் அந்தத் திரையை எடுத்துட்டு வாங்க. இங்கயே மாட்டிடலாம்."

சித்தப்பா படுக்கையறைக்குள் நுழைந்தார். சாமான்கள் உருளும் சத்தம் கேட்டது. "எங்க வச்சிருக்க?"

"கட்டில் மேல!"

"கட்டில் எங்க இருக்கு?"

சித்தி பெரியவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போய், வெயிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் நிழல் அவர் தலையில் விழுந்தது, முதுகில் விழுந்தது, ஏறி இறங்கும் வயிற்றில் விழுந்தது. வால் மட்டும் வெளியே வெயிலில் நீண்டு கிடந்தது. சித்தி கையை நீட்டி, அவர் விழித்துவிடாதபடி அதை மெதுவாகத் தூக்கி, தன் நிழலுக்குள் எடுத்து வைத்தாள்.