ரிலீவர் வராத ஞாயிறு

பேராயர், அதாவது பிஷப், வருகிறார் என்றால் எங்கள் சபைக் கமிட்டிக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜெபம் இல்லை, கறிக்குழம்பு. அவர் ஓசூர்ப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். வந்தால் பெரிய ஆராதனை, பிறகு அசனம். அசனம் என்றால் சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பொது விருந்து. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அசனத்துக்கு ஆண்கள்தான் அண்டா கிண்டுவார்கள். இங்கே வந்த ஆண்கள் ஷூ மாட்டி, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டுப் பழகிவிட்டார்கள். புகை ஆகாதாம். அதனால் கரண்டி எங்கள் கைக்கு வந்தது. அதற்கு ஊழியம் என்று ஒரு பெயரும் வைத்தார்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஹால்தான் எங்கள் கோயில். காலையில் தமிழ் ஆராதனை, அதே ஹாலில் சாயங்காலம் கன்னடக்காரர்கள். தமிழ் ஆராதனைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தெற்கேயிருந்து வந்த கம்பெனி ஆட்கள். பரம்பரைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு அப்படி ஒரு மிதப்பு. தாத்தா காலத்தில் முழுகினால் பேரனுக்கும் ஈரம் காயாது என்று நினைப்பு.

என் சிநேகிதி அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவள் இல்லை. ஊத்தங்கரைப் பக்கம், மழையை நம்பிக் கேழ்வரகு போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் சபைப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு, தானாகக் கேட்டு ஞானஸ்நானம் எடுத்தாள். நானும் அவளும் ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஒரே பெஞ்சில் ஒயர் கோக்கிற வேலை. ஞானஸ்நானம் ஆகி வருஷக்கணக்காகியும் அவளுக்குத் திருவிருந்து கிடையாது. பீடத்தில் கொடுக்கிற அப்பமும் திராட்சை ரசமும் வாங்க வேண்டுமானால் திடப்படுத்தல் என்கிற சடங்கு ஆகியிருக்க வேண்டும். அதைப் பேராயர்தான் செய்ய வேண்டும், தலையில் கை வைத்து. கடைசியாக அவர் வந்தபோது இவள் பிரசவத்துக்குப் போயிருந்தாள்.

ஆகவே மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் நாங்கள் எல்லோரும் எழுந்து திருவிருந்து வாங்கப் பீடத்துக்குப் போவோம். அவள் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பாள். அவள் மாமியார் திரும்பி வரும்போது அவளைத் தாண்டிப் போகிற நடையே தனியாக இருக்கும்.

"பந்தியில உக்கார வச்சிட்டு எல போடாம போற மாதிரி இருக்குதுக்கா" என்று ஒருநாள் பஸ்ஸில் சொன்னாள்.

இந்தத் தடவை தவற விடக்கூடாது என்று ஷிப்ட் முடிந்து வந்து, பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு, போதகர் வீட்டில் நடந்த வகுப்புக்கு ஒன்று விடாமல் போனாள். விசுவாசப் பிரமாணத்தைக் குக்கர் விசிலுக்கு நடுவே மனப்பாடம் செய்தாள். வெள்ளைச் சேலை வாங்கினாள்.

பேராயர் வருகிற வாரம் சபைச் செயலாளர் எங்களைக் கூப்பிட்டார். இவர் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கோயிலையும் அசெம்பிளி லைன் மாதிரி நடத்துவதில் அவருக்குப் பெருமை. சமையலை ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பிரித்தார். சோறு எனக்கு. கறிக்குழம்பு அவளுக்கு, ஏனென்றால் அவள் கைக்குழம்பைப் போன கிறிஸ்துமஸில் செயலாளரே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டிருந்தார்.

"எனக்கு அன்னிக்குத் திடப்படுத்தலுங்க" என்றாள் அவள்.

"தெரியும்மா. பிரசங்கம் ஆரம்பிச்சதும் ரிலீவர் வந்துருவாங்க. என் மிஸ்ஸஸையே அனுப்பறேன். நீங்க கை கால் கழுவிட்டு, சேலை மாத்திட்டு, உள்ள வந்துருங்க. ஆனா லைன் நிக்கக் கூடாது. பன்னெண்டரைக்கு முதல் பந்தி. செகண்ட் ஷிப்ட் ஆளுங்க பஸ்ஸப் புடிக்கணும்."

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் ரிலீவர், அதாவது மாற்று ஆள், வந்து பக்கத்தில் நிற்காமல் யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாது. தண்ணீர் குடிக்க என்றாலும், வயிற்றைக் கலக்குகிறது என்றாலும் சரி. முதல் மாதமே இதை எங்கள் எலும்பில் ஏற்றிவிடுவார்கள். வீட்டில் பால் அடுப்பில் இருக்கும்போது வாசலில் யாராவது கூப்பிட்டால்கூட, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிற ஜென்மங்களாக ஆகிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்குப் பின்னால் கல் அடுப்பு மூட்டினோம். வேப்ப மரத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்ததால் உள்ளே நடப்பதெல்லாம் எங்களுக்கும் கேட்டது. அவள் பழைய நைலக்ஸ் சேலையில் நின்று கிண்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சேலை கவரில் மடித்தபடி என் பையில் இருந்தது.

பேராயர் பிரசங்கத்தைத் தொடங்கினார். எடுத்துக்கொண்ட கதை என்ன தெரியுமா? மார்த்தாள், மரியாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இயேசு ஒரு வீட்டுக்கு வருகிறார். மார்த்தாள் சமையல் வேலையில் அல்லாடுகிறாள். தங்கை மரியாள் அவர் காலடியில் உட்கார்ந்து பேச்சைக் கேட்கிறாள். இவளையும் கொஞ்சம் ஒத்தாசை செய்யச் சொல்லும் என்று அக்கா கேட்க, தங்கை தேர்ந்துகொண்டதுதான் நல்லது என்கிறார் அவர். பேராயர் குரல் ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது. அடுப்படியிலேயே கிடக்காதீர்கள், ஆண்டவர் பாதத்தில் அமருங்கள் என்று பெண்களைப் பார்த்து உருகினார். அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம் நாங்கள்.

இந்தக் கதையில் நான் கேட்ட பிரசங்கிமார் எல்லோரும் மார்த்தாளைத் தாளித்துக் கொட்டிவிட்டு, நேரே அவள் சமைத்ததைச் சாப்பிட வருகிறவர்கள். அதே மார்த்தாள்தான், கூடப் பிறந்த லாசரு செத்துக் கிடந்தபோது ஊருக்கு வெளியே ஓடிப் போய், நீர்தான் தேவனுடைய குமாரன் என்று அவர் முகத்துக்கு நேரே விசுவாச அறிக்கை செய்தவள். மரியாள் அப்போது வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். அதைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்க எனக்கு இன்னும் கொடுத்து வைக்கவில்லை. அதைச் சொன்னால் அடுத்த அசனத்துக்கு ஆள் கிடைக்காதோ என்னவோ.

பிரசங்கம் பாதி தாண்டிவிட்டது. ரிலீவரைக் காணோம்.

"நீ போளா. நான் ரெண்டையும் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"அதெப்பிடிக்கா ஆவும்? நீ சோத்த வடிப்பியா, கொழம்ப பாப்பியா? அடிபுடிச்சா அத்தினி பேருக்கும் சாப்பாடு போச்சு. அவங்க வந்துருவாங்க, இரு."

அவங்க வருகிற லட்சணத்தைப் பார்க்க நான் ஹால் ஜன்னலுக்குப் போனேன். செயலாளர் மனைவி முதல் வரிசையில், மயில் கழுத்து நிறப் பட்டில், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர். மரியாளை நினைத்து அழுகிறாளாம். நான் ஜன்னல் கம்பியைத் தட்டினேன். ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டாள்.

வாசலுக்கு ஓடினேன். அங்கே நின்ற கமிட்டிக்காரர் வாயில் விரலை வைத்தார். அதற்குள் திடப்படுத்தல் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவராகப் போய் முழங்கால் போட்டார்கள்.

"அடுத்தாப்ல அவ பேரு. பின்னால அடுப்புல நிக்கா. ஒரு நிமிசம் பொறுக்கச் சொல்லுங்க" என்றேன் கமிட்டிக்காரரிடம். அவர் பெரிய மனசு பண்ணிப் போய்ச் செயலாளர் காதில் சொன்னார். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். செயலாளர் எழுந்து போய்ப் பேராயரிடம் குனிந்து ஏதோ சொன்னார். பேராயர் தலையாட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "இன்னும் தயாராகலைன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது, கறி வேகலைன்னா?" என்றார். அந்த ஆளை அன்றைக்கு நான் அறையாமல் விட்டது கிருபை, வேறொன்றுமில்லை.

நான் பின்னால் திரும்பி வந்தபோது அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி ஸ்பீக்கரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பிலிருந்து நாலைந்து அடி தள்ளி வந்திருந்தாள். வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். ஸ்பீக்கரில் வேறு யார் பெயரோ ஓடிக்கொண்டிருந்தது.

"என் பேர கூப்ட்டாங்கக்கா" என்றாள். பிறகு அண்டாவுக்குப் போய்க் கிண்ட ஆரம்பித்தாள். குழம்பு அடிபிடிக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு முதல் பந்தி உட்கார்ந்தது. பேராயர் நன்றாகச் சாப்பிட்டார். கை கழுவக் குழாய்க்கு வந்தவர், குழம்பு வைத்தது யார் என்று கேட்டார். செயலாளர் மனைவி முன்னால் வந்து, "எல்லாம் எங்க டீம்தாங்கய்யா" என்றாள். அவள் பட்டில் ஒரு பொட்டுக் கரி இல்லை. நான் என் சிநேகிதியின் தோளைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினேன்.

"இவதான்யா."

அவள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, குழாயடிச் சகதியில் முழங்கால் போட்டாள். பேராயர் ஈரக் கையை வேட்டியில் துடைத்து, அவள் தலைமேல் வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. இந்த மகளை ஆவியினால் பலப்படுத்தும் என்று கண்ணை மூடி நாலு வார்த்தை ஜெபம் செய்தார். பக்கத்தில் எங்கள் போதகர் சோப்பு டப்பாவோடு நின்று ஆமென் சொன்னார்.

"காலைல கூப்பிட்டும் வராதது இவதான்யா. ரிலீவர் வரல" என்றேன்.

பேராயர் கண் திறந்து அவளைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். கிருஷ்ணகிரியில் அவருக்கு அடுத்த நிகழ்ச்சி. "அடுத்த முறை வரும்போது முதல் ஆள் நீதாம்மா" என்று சொல்லிக் காரில் ஏறினார். அடுத்த முறை எப்போது என்பது ஆண்டவருக்கே வெளிச்சம்.

மறுநாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். போச்சம்பள்ளிக்குப் போகிற கம்பெனி பஸ் ஒன்று எங்களை உரசிக்கொண்டு போனது. எங்கள் டிரைவர் தெலுங்கில் திட்டினார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கை வச்சாரு. ஜெபம் பண்ணாரு. இன்னும் இன்னாக்கா பாக்கி?"

"இயேசுவ விசுவாசிக்கியான்னு கேக்கணும். நீ ஆமான்னு சொல்லணும். அதான் பாக்கி."

"அதுக்கு ஆமான்னு நான் இத்தினி வருசமா சொல்லிக்கினுதான இருக்கறன்."

அடுத்த முதல் ஞாயிறு வந்தது. திருவிருந்துக்கு அழைத்தார்கள். நாங்கள் எழுந்தோம். என் பக்கத்தில் அவளும் எழுந்தாள். அந்த வெள்ளைச் சேலையைக் கட்டியிருந்தாள். மாமியார் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், அது கையில் நிற்கவில்லை. பீடத்தின் முன்னால் வரிசையாக முழங்கால் போட்டோம். எனக்கு அந்தப் பக்கம் செயலாளரும் மனைவியும். இந்தப் பக்கம் அவள், கையைக் குழித்து நீட்டியபடி.

போதகர் அப்பத் தட்டோடு செயலாளர் முனையிலிருந்து கொடுத்துக்கொண்டு வந்தார். எனக்கும் கொடுத்தார். அவள் முன்னால் நின்றார். சின்ன வயசுக்காரர், பயந்த சுபாவம்.

"அம்மா, நீங்க இன்னும்..." என்று முணுமுணுத்தார்.

"பிஷப் கை வச்சாருங்கய்யா. கொழாயாண்ட. நீங்களுந்தான் பக்கத்துல நின்னுக்கினு ஆமென் சொன்னீங்க" என்றாள் அவள். மெதுவாகத்தான் சொன்னாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

போதகர் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் வாயில் அப்பம் இருந்தது. அதை மென்றுகொண்டு சட்டம் பேச முடியாது, துப்பவும் முடியாது. பின்னால் அடுத்த வரிசை காத்துக்கொண்டிருந்தது. போதகர் ஒரு பெருமூச்சு விட்டார். கிறிஸ்துவின் சரீரம் என்று சொல்லி அவள் கையில் அப்பத்தை வைத்தார்.

அது செல்லாது என்று செயலாளர் பிறகு கமிட்டியில் மூன்று மாதம் குதித்தார். குதிக்கட்டும். கொடுத்ததை அவள் வயிற்றிலிருந்து எடுக்க அவரால் ஆகுமா?

நாங்கள் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தோம். அவள் அழுதுகொண்டே வாயில் இருந்த அப்பத்தை நிதானமாக, ருசி பார்க்கிற மாதிரி மென்றாள். விழுங்கிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு என் காதருகே குனிந்தாள்.

"உப்பே போடலியேக்கா."